தலைமையாசிரியர் மீசைக்கு அரை மதிப்பெண்

போன மாதம் அக்கா மகள் கல்யாணத்துக்காக ஆவடியில் ஒரு பியூட்டி பார்லருக்குப் போனேன். நானாகப் போகவில்லை. “சித்தி, இந்த மூஞ்சியோட நீங்க என் போட்டோவுல நிக்கக் கூடாது” என்று கல்யாணப் பெண்ணே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அறுபது வயது மூஞ்சியில் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று நானும் போய் உட்கார்ந்தேன். நாற்காலியைப் பின்னால் சாய்த்து, நெற்றியில் பவுடரைத் தட்டி, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்த பெண் சட்டென்று நிமிர்ந்தாள்.

“ஆன்ட்டி, உங்க ரைட் சைடு புருவம் கொஞ்சம் மேல ஏறிகீது. ரெண்டையும் ஈக்வல் பண்ணிடட்டா?”

நான் துள்ளி எழுந்துவிட்டேன். “வேணாம்மா! அது அது இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்.”

அந்தப் பெண் பயந்துபோய் நூலை விட்டுவிட்டாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? ஒரு முகத்தின் இரண்டு பக்கத்தையும் சமமாக்குகிறேன் என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். போதாததற்கு நெற்றிப் பவுடர் மூக்கில் ஏறி வரிசையாக நாலு தும்மல். பவுடர் என்றாலே எனக்கு சாக்பீஸ் தூள்தான் ஞாபகம் வரும். வாசனையில் ஒற்றுமை ஒன்றுமில்லை, தும்மலில் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் அண்ணனூர் ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் மிஸ். மாங்காட்டிலிருந்து பஸ் பிடித்து அம்பத்தூர் வந்து, அங்கிருந்து மின்சார ரயிலில் அண்ணனூர் போக வேண்டும். சிமென்ட் ஷீட் போட்ட நீளக் கொட்டகை. நடுவில் தட்டி வைத்து வகுப்பு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள். ரயில் போகும்போதெல்லாம் எல்லா வாத்தியார்களும் வாயைத் திறந்தபடியே ஒரு நிமிஷம் நிறுத்திவைப்பார்கள். போன பிறகு விட்ட எழுத்திலிருந்து தொடருவார்கள்.

டிராயிங் மிஸ் என்றால் டிராயிங் சொல்லிக்கொடுப்பவள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்துச் சேர்ந்தேன். சயின்ஸ் சாருக்கு இருதயம் வரைந்து நாலு அறைக்கும் கலர் அடிப்பேன். விளையாட்டு விழாவுக்கு ‘வருக வருக’ எழுதுவேன். சர்டிபிகேட் ஓரங்களில் கொடி வளர்ப்பேன். ஏழாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை இரண்டு பீரியட் ஓவியம் என்று டைம்டேபிளில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைப் பென்சிலால் எழுதியிருந்தார்கள். மற்ற பாடமெல்லாம் பேனா.

அந்தப் பென்சில் பீரியடுகளைக் கணக்கு சார் ஏகாம்பரம் எடுத்துக்கொண்டார். அதட்டியெல்லாம் எடுக்கவில்லை, பாவம். வெள்ளிக்கிழமை காலையில் என் மேசைக்கு வந்து, “மிஸ், போர்ஷன் முடியல” என்று பெண்ணைக் கட்டிக் கொடுத்த அப்பா மாதிரி ஒரு முகத்தோடு நிற்பார். நான், “எடுத்துக்கோங்க சார்” என்பேன். ஒரு வருஷமாக இதே வசனம்.

அப்படி எடுத்துக்கொண்டுபோன பீரியடில் அவர் சமச்சீர் நடத்தினார். போர்டில் ஒரு வட்டம் போட்டார். நடுவில் புள்ளிக்கோடு போட்டார். “இது சமச்சீர்க் கோடு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒண்ணு. எழுதிக்கோ.” பாடம் முடிந்தது. அவர் கையால் போட்ட வட்டத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாக இல்லை என்பது வேறு விஷயம். அவர் வட்டத்தைக் கண்டால் பசிக்கும், அவ்வளவு அசல் வடை.

மாதத் தேர்வில் ‘வட்டத்திற்கு எத்தனை சமச்சீர்க் கோடுகள்?’ என்று கேட்டதற்கு ஒருவன் ‘இரண்டு’ என்றும் ஒருத்தி ‘நாற்பது’ என்றும் எழுதியிருந்தார்கள். ஷீலா என்ற பெண் மட்டும் ‘சார் போட்ட வட்டத்திற்கு ஒன்றும் இல்லை’ என்று எழுதியிருந்தாள்.

தலைமையாசிரியர் அருளப்பன் சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவரைப் பற்றிச் சொல்வதென்றால் மீசையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது அவருக்கு முன்னால் ஒரு அடி வந்து, அவர் வருவதைச் சொல்லிவிட்டு அவருக்காகக் காத்திருக்கும். அவர்கள் சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் ஏரோது ராஜா அவர்தான். மீசை ஒட்டும் வேலை மிச்சம். சின்னப் பிள்ளைகள் அந்த மீசையைப் பார்த்துத்தான் ஒன்றாம் வகுப்பில் சேரமாட்டேன் என்று அழும்.

“இந்தப் பாடத்துல முக்காவாசி பேரு பெயில்” என்றார் மீசைக்குப் பின்னாலிருந்து.

எனக்கு அன்று என்ன வந்ததோ. “எனக்கு ரெண்டு வெள்ளிக்கிழமை குடுங்க சார். நான் படத்துலயே சொல்லிக் குடுத்துடறேன்” என்று சொல்லிவிட்டேன்.

ஏகாம்பரம் சார் என்னைப் பார்த்தார். “கணக்க... படத்துலயா?”

அருளப்பன் சார் கதவைச் சாத்தச் சொன்னார். “நானே சொல்லணும்னு இருந்தேன்மா. டிராயிங்குக்குத் தனியா ஒரு ஆள் எதுக்குன்னு நிர்வாகத்துல கேக்கறாங்க. நீங்க டெம்ப்ரவரி வேற. இந்தப் பிள்ளைங்க பாஸ் பண்ணா நான் எடுத்துச் சொல்லலாம். இல்லேன்னா அடுத்த ஜூன்ல எனக்குச் சொல்ல ஒண்ணும் இருக்காது.”

ஆக, என் வேலை ஏழாம் வகுப்பின் கையில் போய் உட்கார்ந்தது. அந்தக் கைகளை நீங்கள் பார்த்திருந்தால் அன்றே எனக்கு வேறு வேலை தேடியிருப்பீர்கள்.

முதல் வெள்ளிக்கிழமை மையும் காகிதமும். காகிதத்தை இரண்டாக மடித்துப் பிரித்து, ஒரு பக்கம் நாலு சொட்டு மை விட்டு, திரும்ப மடித்து அழுத்த வேண்டும். பிரித்தால் வண்ணத்துப்பூச்சி. நான் செய்து காட்டியபோது வண்ணத்துப்பூச்சிதான் வந்தது. பிள்ளைகளுக்கு நண்டு வந்தது, இடுப்பெலும்பு வந்தது, ஒருவனுக்கு அவன் மாமாவே வந்துவிட்டார். நாலு சொட்டு என்றதை யாரும் காதில் வாங்கவில்லை. பேனாவைக் கவிழ்த்துவிட்டார்கள். மடித்ததை அழுத்தக் கை போதாமல் ஒருவன் வயிற்றில் வைத்துக் குப்புறப் படுத்திருக்கிறான். எழுந்தபோது வெள்ளைச் சட்டையில் தொப்புளுக்கு இந்தப் பக்கம் ஒரு நீலக் குளம், அந்தப் பக்கம் ஒரு நீலக் குளம். “மிஸ், நானே சமச்சீரு!” என்று கையை விரித்துக்கொண்டு நின்றான். தப்பு என்று சொல்லவும் முடியவில்லை.

எழுத்துகளில் தேடச் சொன்னேன். நடுவில் கோடு போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும் தமிழ் எழுத்து எது? இருநூற்று நாற்பத்தேழையும் போட்டுப் புரட்டினார்கள். ‘ப’ தேறியது. ஆய்த எழுத்து தேறியது. மற்றதெல்லாம் ஏதாவது ஒரு பக்கம் வாலை நீட்டிக்கொண்டு நின்றது. அப்போது ஷீலா எழுந்து, “மிஸ், ஒரு வார்த்தையே கண்டுபுட்ச்சேன்” என்று போர்டில் எழுதினாள்: ப்ஃப்.

“இது என்ன வார்த்தை?”

“அடுப்பு ஊதற சத்தம் மிஸ்.”

நாற்பத்து மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஊதிக் காட்டினார்கள். மேசை மேலிருந்த வண்ணத்துப்பூச்சியும் நண்டும் மாமாவும் பறந்து தட்டிக்கு அந்தப் பக்கம் கணக்கு வகுப்பில் போய் விழுந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு, “எல்லாரும் வீட்லேருந்து ஒரு சின்னக் கண்ணாடி கொண்டு வாங்க” என்றேன். சின்ன என்பதை அழுத்தித்தான் சொன்னேன். இருந்தாலும் ஒருவன் சைக்கிள் கடை மாமாவிடமிருந்து ஸ்கூட்டர் கண்ணாடியைக் கம்பியோடு கொண்டுவந்தான். இரண்டு பெண்கள் அம்மா சீதனமாகக் கொண்டுவந்த நிலைக்கண்ணாடியைப் பாயில் சுற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டி வந்தார்கள். மற்ற எல்லாம் அப்பாக்கள் ஷேவ் பண்ணும் கண்ணாடி. அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை.

பாதிப் படம் வரைந்து பக்கத்தில் கண்ணாடியை நிறுத்தினால் மீதிப் பாதி தானாக வரும் என்பதுதான் பாடம். ஆனால் வெயில் வந்ததும் கண்ணாடிக்கு வேறு உபயோகம் இருப்பது தெரிந்துபோயிற்று. கூரை முழுக்க வெளிச்ச வட்டங்கள் ஓடின. அதில் ஒன்று தட்டிக்கு மேலே எட்டிக் குதித்து, பக்கத்து வகுப்பில் ஏகாம்பரம் சார் எந்த எண்ணை எழுதினாலும் அதன்மேல் போய் உட்கார்ந்தது. அவர் அழித்துவிட்டு வேறு இடத்தில் எழுத, அங்கேயும் போய் உட்கார்ந்தது. கடைசியில் அவர் வழுக்கையிலேயே தங்கிவிட்டது. தட்டிக்கு மேலே அவர் தலை தெரிந்தது. “மிஸ், யாரோ என் கணக்குல டார்ச் அடிக்கறாங்க.”

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு சைக்கிள் வந்து சாய்ந்தது. இறங்கியவர் தோளில் துண்டு. இடது கன்னம் மழமழ என்று இருந்தது. வலது கன்னத்தில் மூன்று நாள் தாடி, அதன்மேல் காய்ந்த சோப்பு.

“இன்னா மிஸ் இது? நான் மூஞ்சிய கழுவ தண்ணி மொள்ளத் திரும்பறேன், முருங்க மரத்துல மாட்டின கண்ணாடி காணோம். தூக்கினு வந்துட்ச்சு. கணக்கு சொல்லிக் குடுங்கன்னு புள்ளைய அனுப்பிச்சா, என் மூஞ்சிய பாதியில வுட்டுட்டீங்களே!”

ஷீலாவின் அப்பா டேனியல். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட் என்பதால் நிதானமாக ஷேவ் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். இவர் ஆபீசுக்குப் போய்ச் சொன்னால் ஜூன் வரைக்கும்கூடப் போகாது, இன்றைக்கே என் கதை முடிந்தது. “மன்னிச்சுக்கோங்க” என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஷீலா கண்ணாடியோடு ஓடிவந்து அப்பாவின் மூக்கு நுனியில் அதைச் செங்குத்தாக நிறுத்திவிட்டாள்.

“நைனா, ஆடாத. மிஸ், இங்க வந்து பாருங்க! இந்தப் பக்கம் பாத்தா முழு ஷேவிங்!” கண்ணாடியைத் திருப்பினாள். “இந்தப் பக்கம் பாத்தா முழு தாடி!”

வகுப்பே எழுந்துவந்துவிட்டது. வரிசை கட்டச் சொன்னேன். வேறு என்ன செய்வது? நாற்பத்து மூன்று பேரும் ஒவ்வொருவராக வந்து, டேனியலை இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார்கள். முதல் நாலு பேர்வரை அவர் முறைத்தார். அப்புறம் அவருக்கே ஆசை வந்து, “இன்னா தெரியுது? எது நல்லாகீது?” என்று கேட்க ஆரம்பித்தார். தாடிக்கு ஓட்டு அதிகம் விழுந்தது. “அப்ப நா இந்தப் பக்கம் வளத்துடறேன்” என்றார். அன்று அந்த வகுப்பில் சமச்சீர் புரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமை டேனியலின் கன்னத்துக்குப் போக வேண்டியது.

சத்தம் கேட்டு அருளப்பன் சார் வந்தார். மீசை வந்தது, பிறகு அவர் வந்தார். எல்லோரும் கப்சிப். டேனியல்கூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஷீலாவின் கையில் மட்டும் கண்ணாடி இன்னும் தூக்கியபடி இருந்தது. அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாரையே பார்த்தாள்.

“மிஸ்” என்றாள், பாடத்தில் சந்தேகம் கேட்கும் அதே குரலில். “சார் மீசைல சமச்சீர்க் கோடு இல்ல மிஸ். வலப் பக்கம் நீளம்.”

நல்லவேளையாக ஒரு ரயில் போயிற்று. அது போனதும் சார் திரும்பி ஆபீசுக்கு நடந்தார். டேனியல் என் பக்கம் குனிந்து, “போச்சு மிஸ்” என்றார்.

அந்த வார இறுதியை நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை காலை ப்ரேயரில் சார் வந்து நின்றபோது வலப் பக்க மீசை கொஞ்சம் குறைந்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே குறைந்திருந்தது. மூன்றாவது வரிசையிலிருந்து ஷீலா ஒரு கண்ணை மூடி, ஸ்கேலை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். சார் பார்க்காத மாதிரி பார்த்தார். ஷீலா மெதுவாகத் தலையை இடதும் வலதும் ஆட்டினாள்.

செவ்வாய்க்கிழமை இடப் பக்கம் குறைந்தது. தலையாட்டல். புதன்கிழமை மறுபடி வலப் பக்கம். வியாழக்கிழமை மூக்குக்குக் கீழே இரண்டு எறும்பு வரிசைதான் மிச்சம். அதிலும் ஒரு வரிசையில் எறும்பு கம்மி. ஸ்டாப் ரூமில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் சிரிப்பு வந்துவிடும் என்று எல்லோரும் தேர்வு அட்டவணையைப் பற்றியே பேசினோம்.

வெள்ளிக்கிழமை மீசை இல்லை. மேலுதடு, வெயிலே படாத இடமல்லவா, பளீரென்று தனியாகத் தெரிந்தது. ஆபீஸ் வாசலில் பியூன் அவரை மறித்து, “ஹெட்மாஸ்டர் இன்னும் வர்லீங்க, பெஞ்சில உக்காருங்க” என்றிருக்கிறார். சாரும் பேசாமல் இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி.

அன்றைக்குத்தான் ஏழாம் வகுப்புக்குச் சமச்சீரில் மறுதேர்வு. கேள்வித்தாள் ஏகாம்பரம் சாருடையது. நான் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம். மாலையில் எங்கள் இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் விடைத்தாள் கட்டு. மீசை இல்லாத முகத்தில் கோபமா வேறு ஏதாவதா என்று என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அத்தனை நாளும் நான் மீசையைப் பார்த்துத்தான் அவர் மனசைத் தெரிந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

“எல்லாரும் பாஸ் சார்” என்றார் ஏகாம்பரம் சார். சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். “அஞ்சாவது கேள்வியில மட்டும் ஒரு சின்னச் சிக்கல்.”

‘சமச்சீர்க் கோடே இல்லாத ஒன்றைக் கூறுக.’ அவர் எதிர்பார்த்தது ‘இணைகரம்’. பன்னிரண்டு பேர் அதை எழுதியிருந்தார்கள். மீதி முப்பத்தொரு பேரும் ‘தலைமையாசிரியர் மீசை’ என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏகாம்பரம் சார் சிவப்பு மையில், ‘இது தற்போது இல்லை’ என்று குறிப்பு எழுதி அரை மதிப்பெண் போட்டிருந்தார்.

அருளப்பன் சார் முதல் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். “ஏன் அரை?”

“கணக்குப்படி சரிதான் சார். ஆனா... பொருள் இல்லையே.”

சார் விரலால் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். “பாடம் நடந்தப்ப இருந்துச்சா, இல்லையா?” என்று கேட்டார்.

“இருந்துச்சு சார்.”

“கோணலா இருந்துச்சா?”

ஏகாம்பரம் சார் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. “இருந்துச்சு சார்.”

“அப்ப முழு மார்க்.” சிவப்புப் பேனாவை அவரிடமிருந்து வாங்கி, முப்பத்தொரு தாளிலும் அரையை அடித்து ஒன்று போட்டு, ஒவ்வொன்றிலும் கையெழுத்தும் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பை அடக்கியதாலா என்று கேட்டால், பாதி அதுவும்தான்.

கடைசித் தாளில் கையெழுத்து போட்டுவிட்டு நிமிர்ந்தார். “டைம்டேபிள்ல அந்த வெள்ளிக்கிழமை ரெண்டையும் பேனாவால எழுதிடுங்க. நிர்வாகத்துக்கிட்ட நான் பேசிக்கறேன். ஒரே ஒரு விஷயம்மா. இனிமே உயிரோட இருக்கற மனுஷங்கள உதாரணம் எடுக்காதீங்க. வட்டம், சதுரம் போதும்.”

ஜூனில் நானும் இருந்தேன், பீரியடும் இருந்தது. வட்டம் போட வேண்டிய நாட்களில் ஏகாம்பரம் சார் தட்டிக்கு மேலே தலையை நீட்டி, “மிஸ், ஒரு வட்டம்” என்பார்; நான் போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவேன். அந்தக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அருளப்பன் சாருக்கு ஏரோது வேஷம் கிடைக்கவில்லை. தேவதூதர் வேஷம் கொடுத்தார்கள். தெர்மக்கோலில் இறக்கை செய்து கொடுத்தது நான்தான். இரண்டும் ஒரே அளவா என்று ஸ்கேல் வைத்து இரண்டு தரம் பார்த்துக்கொண்ட பிறகுதான் முதுகில் கட்ட விட்டார்.

நான் வேறு வேலை கிடைத்துப் போய், அவர் ரிட்டையர் ஆகி, ரொம்ப நாள் கழித்து ஆவடி மார்க்கெட்டில் கீரைக் கட்டோடு பார்த்தேன். அப்போதும் மீசை இல்லை. “மறுபடி வளக்கவே இல்லையா சார்?” என்று துணிந்து கேட்டேன். “வளத்தேன்மா, ரிட்டையர் ஆனதும். நல்லாதான் வந்துச்சு. கோணலா, நேரான்னு பாத்துச் சொல்ல ஆள் இல்ல. எடுத்துட்டேன்” என்றார்.

இப்போது அவர் இல்லை. பள்ளிக்கூடக் கொட்டகை இருந்த இடத்தில் குடியிருப்பு வந்துவிட்டது. ஷீலா எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியாது. அந்த விடைத்தாள்களில் ஒன்றாவது கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அன்று அது தோன்றவில்லை. வருஷக் கடைசியில் மற்ற தாள்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் யாரோ அதில் வேர்க்கடலை மடித்துக் கொடுத்திருப்பார்கள். வாங்கித் தின்றவர் கடலை தீர்ந்ததும் காகிதத்தைப் பிரித்து, சிவப்பு மையில் அடித்ததையும் திருத்தியதையும் கையெழுத்தையும் படித்துப் பார்த்துவிட்டு, யார் இந்தத் தலைமையாசிரியர் என்று ரயில் வரும்வரை யோசித்திருப்பார். அப்புறம் கசக்கித் தண்டவாளத்தில் போட்டிருப்பார்.